இரும்புப் பட்டறையும் இழவுப் பாட்டும்

1972இல் பிளாக் சபாத் குழுவின் நான்காவது இசைத்தட்டு வெளியானபோது, காதைக் கிழிக்கும் கிட்டாருக்குப் பழகிப்போன ரசிகர்களை அதிலிருந்த ஒரு பாட்டு திகைக்கவைத்தது. ‘சேஞ்சஸ்’ என்ற அந்தப் பாட்டில் டிரம்ஸ் இல்லை. அந்தக் குழுவின் அடையாளமான உறுமும் மின்கிட்டாரும் இல்லை. ஒரு பியானோ, வயலின் கூட்டம்போல் ஒலிக்கும் மெலோட்ரான், அவற்றின் மேல் ஆஸி ஆஸ்பர்னின் குரல். டிரம்மர் பில் வார்டின் மணவாழ்க்கை முறிந்த துக்கத்தில் பிறந்த பாட்டு அது. பியானோ வாசித்தவர் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி. 2003 டிசம்பரில் ஆஸியும் அவர் மகள் கெல்லியும் அதையே தந்தையும் மகளும் பேசிக்கொள்ளும் பாட்டாக மாற்றிப் பாடி சிங்கிளாக வெளியிட்டார்கள். பிரிட்டன் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

பெரிய சத்தம் போடும் பல குழுக்களுக்கு இப்படி ஒரு மெதுபாட்டு உண்டு. ஸ்கார்பியன்ஸுக்கு 1984இல் ஒன்று, மெட்டாலிகாவுக்கு 1992இல் ஒன்று. ஹெவி மெட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பார்கள்.

2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் ஆஸியின் விடைபெறும் கச்சேரி நடந்தது. யங்பிளட் என்ற இளம் பாடகர் அங்கே ‘சேஞ்சஸ்’ பாடினார். அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி காலமானார். 30ஆம் தேதி அவர் வளர்ந்த ஊரின் பிராட் ஸ்ட்ரீட் வழியே சவ ஊர்வலம் போனது. முன்னால் பித்தளை வாத்தியக் குழு பிளாக் சபாத் பாட்டுகளை வாசித்தபடி நடந்தது. சாலையின் இருபுறமும் ஜனக்கூட்டம், பூக்கள், கண்ணீர். வடசென்னையின் காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ வளர்ந்த ஒருவருக்கு இந்தக் காட்சியில் அந்நியமானது எதுவும் இருந்திருக்காது. பெரிய சாவு என்றால் வாத்தியம் முன்னே போகும், ஊர் பின்னே போகும். அங்கேயும் அதுதான் நடந்தது.

பர்மிங்ஹாமுக்கும் வடசென்னைக்கும் இதைவிட நேரடியான ஒரு தொடர்பு உண்டு. அது இரும்பு.

பர்மிங்ஹாம் பட்டறைகளின் ஊர். டோனி அயோமி பதினேழு வயதில் அங்கே ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில், எந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பறித்துவிட்டது. அவர் இடதுகைப் பழக்கக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். நாளடைவில் விரலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. உலகம் இன்று ஹெவி மெட்டல் என்று கேட்கும் அந்த அடிவயிற்று ஓசையில் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது.

பர்மிங்ஹாமுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் ரெட்டிச் என்ற ஊர். ராயல் என்ஃபீல்டின் தாய் ஆலை அங்கேதான் இருந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வண்டிகளை வாங்க ஆரம்பித்த பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே வார்த்தார்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. டாங்கின் வளைவில் தங்கநிறக் கோட்டை அளவுகோல் வைக்காமல், வெறும் தூரிகையால், மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் இழுத்துவிடும் கைக்காரர்கள் அங்கே இருந்தார்கள். எந்திரம் வார்த்த வண்டியில் கடைசியாகப் படுவது மனிதக் கை.

அதற்கும் முன்பே, 1948இல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரச் சாலையின் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் ஆலைச் சுவர், நடுவே வரிசையாக கன்டெய்னர் லாரிகள். பர்மிங்ஹாம் அளவுக்குச் சத்தம் கேட்ட மண் இது. இந்த மண்ணுக்கும் ஒரு மெதுபாட்டு இருக்கத்தான் வேண்டும்.

இருக்கிறது. அதன் பெயர் மரண கானா.

கானா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாவின் துள்ளல் பாட்டு. அது கானாவின் ஒரு முகம். கானாக்காரர்கள் தங்கள் பாட்டை மரண கானா, தெய்வ கானா, ஜிகிரி கானா, அட்டு கானா என்று பலவாகப் பிரிக்கிறார்கள். இவற்றில் ஒரு பாடகனின் தரத்தை ஊர் எடைபோடுவது மரண கானாவில்தான். கல்யாணத்தில் சுமாராகப் பாடினாலும் கைதட்டல் கிடைத்துவிடும். சாவு வீட்டில் அப்படித் தப்பிக்க முடியாது.

சாவைப் பாடும் மரபு இந்தக் கரைக்கு ஆலைகளோடு வந்ததல்ல. திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. தாயின் சிதைக்குத் தீ வைக்கும்போது அவர் பாடியதாக வழங்கும் பத்துப் பாடல்கள் இன்றும் தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் ஒலிக்கின்றன. உடம்பு நிலையில்லை, உறவு நிலையில்லை, காசு கூட வராது என்று இடித்துச் சொல்லும் அந்தக் குரல் நேராக மரண கானாவுக்குள் இறங்கியிருக்கிறது. ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபின் அடக்கத்தலம் இருக்கிறது. 1792இல் பிறந்து 1838இல் மறைந்த அந்த சூஃபி ஞானி, சித்தர்களின் நடையில் தமிழ் பாடியவர். இந்துவும் முஸ்லிமும் கைகூப்பிய குரு. தங்கள் மரபை கானாப் பாடகர்கள் சித்தர்கள் வழியாகவும் மஸ்தான் வழியாகவும் சொல்லிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பட்டினத்தாரும் மஸ்தானும் இதே கரையில் அடங்கியவர்கள்.

இன்னொரு மரபும் இங்கே உண்டு. தியாகராஜர் திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்ததும் அந்த ஊரில்தான். வடசென்னைக்கு இசை இல்லை, அடிதடிதான் உண்டு என்று நினைப்பவர்கள் திருவொற்றியூர் சன்னதித் தெருவிலிருந்து வரலாற்றைப் படிக்க ஆரம்பிக்கலாம்.

ஆனால் கானாவைப் பெற்றெடுத்தது சன்னதித் தெரு அல்ல. அதைப் பெற்றது குப்பமும் குடிசையும் கூலி வரிசையும். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. 1876இல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலை வந்தது. அதே காலத்தில்தான் ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் பெரும்பஞ்சம் தொடங்கியது. செங்கல்பட்டு, ஆர்க்காடு, நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எலும்பும் தோலுமாக ஜனங்கள் பட்டணம் நோக்கி நடந்தார்கள். அப்போது துறைமுகத்தில் கல் கொட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1881 நவம்பரில் வந்த புயல், முடியும் தறுவாயிலிருந்த துறைமுகச் சுவர்களைப் புரட்டிப்போட்டது. மறுபடி கல், மறுபடி கூலி. ரயிலடி, துறைமுகம், ஆலை, உப்பளம் என்று வேலை இருந்த இடத்திலெல்லாம் சேரிகள் பெருகின. வந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊரில் நிலம் இல்லாதவர்கள். பட்டணத்திலும் அவர்களுக்குக் கிடைத்தது உடம்பு நோகும் வேலைதான்.

அவர்கள் கொண்டுவந்த சொத்து பறையும் ஒப்பாரியும். ஒப்பாரி பெண்களுடையது. இறந்தவரின் குணத்தை, கொடுத்ததை, பட்ட பாட்டை, போனதால் வீட்டில் விழுந்த ஓட்டையை மாரில் அடித்துக்கொண்டு அடுக்கடுக்காகச் சொல்லி அழுவது. பட்டணத்தில் அந்த ஒப்பாரிக்கு அக்கம்பக்கத்திலிருந்து பலதும் வந்து சேர்ந்தன. பக்கிரிமார்களின் டேப்பு, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பா, மாதா கோயில் ஆர்மோனியம், தெருக்கூத்தின் தொகையறா, நாடகக் கொட்டகை மெட்டு எல்லாமே ஒரே தெருவில் காதில் விழுந்தன. பெண்ணின் ஒப்பாரியில் இருந்த செய்தியை ஆண்கள் தாளக்கட்டுக்குள் எடுத்து, ராத்திரி முழுக்கப் பாட ஆரம்பித்தபோது மரண கானா பிறந்தது என்றே கருத இடமிருக்கிறது. இதற்குத் தேதி போட முடியாது. எழுதிவைத்த யாரும் அந்தத் தெருக்களில் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் தெருக்களுக்குள் போகவும் இல்லை.

அது நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருப்பார்கள். சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் உடல், கண்ணாடிக்கு மேல் ரோஜா மாலை, தலைமாட்டில் காமாட்சி விளக்கு. வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பேப்பர் கப்பில் டீ. இரவு சாய்ந்ததும் பாட்டுக்காரர்கள் வருவார்கள். முன்பு டோலக், டேப்பு, புல்புல்தாரா. கிடைக்காவிட்டால் தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் தாளத்துக்குப் போதும். இப்போது கீபோர்டும் ரிதம் பேடும் வந்துவிட்டன. பாடகர் பாட ஆரம்பிப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார். இறந்தவர் பெயர் என்ன, எந்த வேலை, துறைமுகத்திலா விசைப்படகிலா, பிள்ளைகள் எத்தனை பேர், மூத்தவள் பெயர் என்ன, மருமகன் எந்த ஊர், பேரன் உண்டா, எப்படிச் செத்தார், கூடவே திரிந்த கூட்டாளி யார். சிலர் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். கை தேர்ந்தவர்களுக்குச் சீட்டு வேண்டாம்.

பிறகு தொகையறா. தாளம் கிடையாது. மைக்கில் எக்கோ தூக்கலாக வைத்திருப்பார்கள். நீட்டி இழுக்கும் குரல் ஹவுசிங் போர்டு மாடிகள்வரை ஏறும். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். அதன் பிறகே டோலக் மெதுவாக உள்ளே வரும். மெட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டுடையதாக இருக்கும், அல்லது நாகூர் ஹனீபா பாட்டுடையதாக இருக்கும். வார்த்தைகள் மட்டும் அன்றிரவுக்கு உரியவை. மகளின் பெயரைச் சொல்லி, அப்பா போல இனி உன்னை யார் கூப்பிடுவார் என்ற இடத்துக்குப் பாடகர் வரும்போது, அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பெண் உடைந்து அழுவாள். சுற்றி இருப்பவர்கள் அவளைத் தேற்றப் போக மாட்டார்கள். அழட்டும் என்று விடுவார்கள். பாட்டு வந்ததே அதற்காகத்தான்.

விடிய விடியப் பாட்டு ஒரே சோகத்தில் போவதில்லை. நடுச்சாமத்தில் இறந்தவரின் சேட்டைகள் பாட்டில் வரும். குடித்துவிட்டு செய்த கலாட்டா, சூதாட்டத்தில் விட்ட பணம், பெண்டாட்டியிடம் வாங்கிய திட்டு. அழுதவர்களே சிரிப்பார்கள். பிறகு உடம்பின் நிலையாமை, பட்டினத்தார் சங்கதி. மறுநாள் மோளம், ஆட்டம், சாலையெங்கும் இறைத்த பூ, மூலகொத்தளத்துக்கோ காசிமேட்டுக்கோ கடைசிப் பயணம். பதினாறாம் நாள் கருமாதியில் படத்திறப்பு. மாலை போட்ட படத்துக்கு முன்னால் மறுபடி ஒரு ராத்திரி கச்சேரி. சில வீடுகளில் வருஷா வருஷம் நினைவு நாளுக்கும் பாட்டு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாட்டில் வரும் மனிதர்களில் பெரும்பாலோர் செய்தித்தாளில் ஒரு வரியும் கிடைக்காதவர்கள். மூட்டை தூக்கியவர், ரிக்‌ஷா மிதித்தவர், கண்ணிவலை கட்டியவர், ஆலை வாசலில் தற்காலிகக் கூலியாக முப்பது வருஷம் நின்றவர். அவர்கள் பெயரும் வேலையும் குணமும் இசையோடு ஊர் நடுவே ஒரு முறையாவது உரக்கச் சொல்லப்படுகின்றன. ராஜாவுக்கு மெய்க்கீர்த்தி இருந்ததென்றால் துறைமுகக் கூலிக்கு மரண கானா இருக்கிறது. தமிழின் பெரிய கலைகளில் ஒன்றாக இதைக் கொள்ள அந்த ஒரு காரணம் போதும்.

துறைமுகத்தின் வேலைப்பாட்டுகள் இதே அளவு தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. வரிசையாக நின்று மூட்டை மாற்றிய கூட்டத்தின் வேலையை கிரேன் எடுத்துக்கொண்டது. கூட்டாகத் தூக்கும் வேலை போனால் கூட்டாகப் பாடும் பாட்டும் போய்விடும். சாவு மட்டும் எந்திரத்துக்கு மாறவில்லை. அதனால் சாவுப் பாட்டு நிலைத்தது.

சினிமா கானாவை எடுத்துக்கொண்ட விதம் வேறு மாதிரி. 1950களில் சந்திரபாபு சென்னைத் தெருப் பேச்சைப் பாட்டில் கொண்டுவந்தார். 1990களில் தேவாவின் இசையில் கானா எல்லா ஊர்களுக்கும் போனது. 2006இல் மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’யில் மீன்களின் கல்யாணத்தைப் பாடிய கானா உலகநாதனின் குரல் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. இவை நல்ல பாட்டுகள். ஆனாலும் சினிமா வெகுகாலம் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, துக்கத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டது. கானா பாடுபவன் திரையில் வெட்டியாகத் திரிபவனாகவும் குடிகாரனாகவும் வந்தான். இறந்தவனுக்கு மரியாதை செய்பவனாக அவன் வரவே இல்லை. அந்தக் கலைக்கு நேர்ந்த பெரிய அநியாயம் இதுதான்.

அதைக் கொஞ்சம் சரிசெய்தது பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’. 2014இல் வந்த அந்தப் படத்தில், வியாசர்பாடி குடியிருப்பில் ஒரு இளைஞன் கொல்லப்பட்ட பிறகு கானா பாலாவின் குரலில் ஒரு மரண கானா வருகிறது. சட்டம் படித்த கானா பாலா, சினிமாவுக்கு வருவதற்கு முன்பே வடசென்னை மேடைகளில் பழகிய குரல். சந்தோஷ் நாராயணன் அந்தக் குரலைப் பெரிய வாத்தியக் கூட்டத்தால் மூடிவிடவில்லை. படத்தின் மற்றப் பாட்டுகளுக்கு ஆடிய அரங்கம் இந்தப் பாட்டுக்கு அமைதியாக உட்கார்ந்தது. தன் பெயருக்கு முன்னாலேயே மரண கானாவைச் சேர்த்துக்கொண்ட விஜி போன்றவர்களும் அதன்பின் டிவியிலும் திரையிலும் முகம் காட்டினார்கள்.

2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் மின்கிட்டாரும் கானாவும் ஒரே மேடையில் ஏறின. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி அது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். பத்தொன்பது பேர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்கள். டிரம் செட், பாஸ் கிட்டார் பக்கத்திலேயே பறை, கட்டமோளம், சட்டி. சாவு வீட்டு வாத்தியம் என்று கல்யாண மண்டபங்கள் ஒதுக்கிவைத்த தோல்கருவிகள் நடுமேடைக்கு வந்தன.

குழுவில் இருந்த ஒரே பெண் குரல் இசைவாணி. ராயபுரத்துப் பெண். கானா ஆண்களின் கலை, அதிலும் ராத்திரிக் கச்சேரி ஆண்களின் இடம் என்று இருந்த ஊரில் அவர் மைக் பிடித்தார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஒப்பாரி பெண்களிடமிருந்து கிளம்பியது என்பதை நினைத்தால், பாட்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

எண்ணூருக்கும் ஒரு மெதுபாட்டு கிடைத்தது. 2017 பொங்கலையொட்டி வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. கர்நாடக ராகங்களின் மாலையில் சென்னைத் தெருத் தமிழை வைத்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, சாம்பல் படிந்த சேற்றில் நின்று பாடிய பாட்டு. வெளியான இரண்டே வாரத்தில், ஜனவரி 28ஆம் தேதி, எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் எண்ணெய் அள்ளிய ஆட்களின் படங்களை நாடே பார்த்தது. ஆற்றுக்காகப் பாடிய அந்தப் பாட்டை மரண கானாவின் உறவுக்காரப் பாட்டாகவே கேட்க முடிகிறது. அதிலும் ஒரு பெயர் சொல்லப்படுகிறது, பட்ட பாடு சொல்லப்படுகிறது, யார் காரணம் என்று கேட்கப்படுகிறது. வித்தியாசம், ஆறு இன்னும் சாகவில்லை. இறாலும் நண்டும் தேடி அதில் இறங்கும் காட்டுக்குப்பத்து மீனவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மரண கானாவின் இன்றைய நிலைமை அவ்வளவு தெம்பாக இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. தூங்குபவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த விதி நியாயமானதே. ஆனால் ராத்திரியை நம்பியிருந்த கலைக்கு அதனால் நேரம் சுருங்கிவிட்டது. வடசென்னையிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. ஒரே தெருவில் மூன்று தலைமுறை வாழ்ந்தால்தான் இறந்தவரின் சேட்டையைப் பாட்டில் கேட்டுச் சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாதபோது யாருக்குப் பாடுவது? படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர், இந்தப் பாட்டு வைத்தால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் சினிமாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு.

இதற்கு நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. டேப் ரெக்கார்டர் வந்த காலத்திலிருந்தே படத்திறப்புக் கச்சேரிகளைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் குடும்பங்களிடம் இருக்கிறது. பிறகு வீடியோ கேசட், சிடி, இப்போது யூடியூப். பர்மிங்ஹாமின் மெதுபாட்டுக்கு ரெக்கார்டிங் கம்பெனி இருந்தது, விற்பனைப் பட்டியல் இருந்தது, எழுதிவைக்க ஆள் இருந்தது. வடசென்னையின் மெதுபாட்டுக்கு இருப்பது பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவே கிடக்கும் கேசட்டுகள். அவற்றில் பாடிய பலர் இப்போது உயிரோடு இல்லை. கடல் காற்றில் நாடா பூசணம் பிடிக்கிறது, சிடி உரிகிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வேர் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தாவின், அப்பாவின், மாமாவின் படத்திறப்பு கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த மாதமே ஒரு பிரதி எடுங்கள். உறையின் மேல் நான்கு விவரங்களை மட்டும் எழுதுங்கள்: இறந்தவர் பெயர், பாடியவர் பெயர், தெரு, வருஷம். பிரதியை ஏதாவது ஒரு நூலகத்துக்கோ கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கோ கொடுத்துவையுங்கள். பாடியவர் இன்னும் இருந்தால், நேரில் போய் எத்தனை மெட்டு தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.